ஒன்பது வீடுகளை இடித்த அக்கா

இணையத்தில் எந்தப் படிவத்தைத் திறந்தாலும், பிறந்த தேதி என்ற இடத்தில் அக்கா முதலில் போட்டுப் பார்ப்பது பிப்ரவரி முப்பது. ஒருமுறை ஏதோ துணிக்கடையின் தள்ளுபடி அட்டைக்கான படிவம் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அன்று முழுக்க அக்காவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. “ஏட்டி, இங்க வந்து பாரேன். ஏத்துக்கிட்டு! பிப்ரவரி முப்பதுல பொறந்தவளுக்கு பர்த்டே கூப்பன் எப்ப அனுப்புவானுவ?”

ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில், மூன்று படுக்கையறை அபார்ட்மென்ட் ஒன்றில் மூன்று பேர் குடியிருந்தோம். அக்கா, கோயம்புத்தூர் நித்யா, நான். கூடப் பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் எங்களுக்கு அக்கா. அக்கா ஒரு வங்கியில் ஒப்பந்த டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருள் எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்வது வேலை. கணவருக்கு வேலை டெக்சாஸில், பிளேனோவில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருவரில் ஒருவர் விமானம் ஏறுவார். சொந்த ஊர் மேலப்பாளையம். நாடு நாடாகச் சுற்றியும் திருநெல்வேலி அவர் வாயை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

ஆபீஸ் முடிந்ததும் வேலை முடிகிற ஆளில்லை அக்கா. ஹோட்டலுக்குப் போனால் மெனு கார்டைத் தொடுவதற்கு முன்பே, “இன்னிக்கு என்ன இல்ல?” என்று கேட்பார். நித்யாவுக்கு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மாப்பிள்ளை பார்த்து, அவளும் அவரோடு நாலு தடவை காபி குடித்து, “ரொம்ப நல்ல டைப்புங்க்கா” என்று வந்து சொன்னபோது, அக்கா கேட்டது ஒரே கேள்வி.

“கோவப்பட்டா எப்படி இருப்பாரு?”

“கோவமே வராதுங்க்கா அவருக்கு.”

“அப்ப டெஸ்ட் பண்ணல. வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு டர்ன்பைக் ஹைவேல டிரைவ் பண்ண வச்சு கூட்டிட்டுப் போ. எக்ஸிட்ட மிஸ் பண்ண வையி.”

நித்யா அப்படியே செய்தாள். மாப்பிள்ளை எக்ஸிட்டைத் தவறவிட்டார், அடுத்த எக்ஸிட்டில் திரும்பினார், வழியில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் அவளுக்கு பிரெட்ஸல் வாங்கிக் கொடுத்தார். இப்போது கல்யாணம் முடிந்து நன்றாக இருக்கிறார்கள்.

நான் அக்காவுக்கு நேர் எதிர். எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வருவது நம்பிக்கை. டேட்டா சயின்ஸில் மாஸ்டர்ஸ் முடித்திருந்தேன். ஒரு மாதம் வீட்டில் ரொட்டிக்கு மாவு புளிக்க வைத்தேன், அடுத்த மாதம் மொட்டைமாடியில் டெலஸ்கோப், அதற்கடுத்த மாதம் ஜப்பானிய மொழி. “இந்த மாசத்து கிறுக்கு என்னங்க?” என்று நித்யா திங்கள்கிழமை காலையில் விசாரிப்பாள். அந்த வரிசையில் ஒன்றாகத்தான் கல் வீடுகளும் வந்தன. வந்தது அக்காவின் வாயிலிருந்து.

அமெரிக்கா வருவதற்கு முன் அக்கா மூன்று வருடம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஒரு ப்ராஜெக்டில் இருந்தார். பக்கத்தில் டார்ட்மூர். மரமே இல்லாத மேட்டுநிலம். புல், புதர், சதுப்பு, கருங்கல், மூடுபனி. உடன் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமைகளில் லண்டனுக்குப் போக, அக்கா மட்டும் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தோடு டார்ட்மூர் பஸ் ஏறுவார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல மாட்டார். “ஆள் இல்லாத எடம்லா” என்பதோடு சரி.

முதல் தடவை போன அன்று பனி இறங்கி, முழங்காலுக்குக் கீழே தன் கால்களே தெரியவில்லையாம். தட்டுப்பட்ட ஒரு கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்து, தொழுகைக்குத் திசை பார்க்க காம்பஸை எடுத்திருக்கிறார். போனில் இருக்கும் காம்பஸை அக்கா நம்ப மாட்டார். கைக்கடக்கமான பழைய காம்பஸ் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். அங்கிருந்து மக்கா தென்கிழக்குப் பக்கம். முள் நின்றது. பனியும் மெல்ல விலகியது. அவர் பார்த்த திசைக்கு நேரே இரண்டு நெட்டைக் கற்கள், நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. திரும்பிப் பார்த்தால் தன்னைச் சுற்றி வட்டமாகக் கற்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டது ஒரு சுவரின் மேல். எதிரே இருந்தது வாசல். மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய வெண்கலக் கால வீடு. கூரை எப்போதோ போய்விட்டது, சுவர் முழங்கால் உயரத்துக்கு மிச்சம்.

“எனக்கு பக்னு ஆயிட்டு” என்பார் அக்கா. “சுத்தி பாத்தா இன்னும் அஞ்சாறு வட்டம். ஒவ்வொண்ணா போயி காம்பஸ வச்சேன். ரெண்டாவது வாசலும் அதே பக்கம். மூணாவதும் அதே பக்கம். இது என்னடா, நம்ம ஆளுவளா இவங்கன்னு ஒரு நிமிசம் தோணிட்டு. அப்புறம் ஆறாவது வட்டம் நல்லா தெற்கால திரும்பியிருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சுட்டி.”

“ஏன் அப்பாடா?”

“ஆறும் ஒண்ணுபோல இருந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். மனுசன் கட்டுனா ஒண்ணாவது கோணும்.”

பிறகு படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். மழை மேற்கிலிருந்து அடிக்கிற ஊர் அது. மழைக்கு முதுகைக் காட்டி, காலை வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் மூன்று வருடத்தில் அவர் பார்த்த வட்டங்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி. சுவர் உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல் என்று இருக்கிறதா? சரிவில் மேட்டுப்பக்கத்தை வெட்டித் தரையைச் சமப்படுத்தியிருக்கிறார்களா? கதவு எங்கே? மூன்றில் ஒன்று பிசகினாலும், “சும்மா கல்லு” என்று நடையைக் கட்டிவிடுவார்.

ஒரு அக்டோபரில் வட ஜெர்சி மலைப்பக்கம் ஹைக்கிங் போனோம். பாதையோரம் கல் வட்டம் ஒன்றைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் முன்னால் போனவர்கள் கரடி வந்துவிட்டதென்று நின்றுவிட்டார்கள். அக்கா குனிந்து, நடுவில் கிடந்த இலைகளை ஒதுக்கி, நசுங்கிய பியர் டின் ஒன்றை எடுத்துக் காட்டினார். “வெண்கலம் இல்லட்டி. அலுமினியக் காலம்.”

நான் அடங்கவில்லை. விமானத்திலிருந்து ஒளிக்கற்றையை அனுப்பி, தரையின் மேடுபள்ளத்தை விரற்கடை வரை அளந்த படங்கள் டார்ட்மூருக்கு உண்டு. யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே தெரிந்த வீடுகளைக் காட்டி என் மென்பொருளைப் பழக்கினேன். பழக்கியபின் புதிய இடங்களில் தேட விட்டேன். வழக்கமாக ஒரு மாதத்தில் தணியும் கிறுக்கு ஏழு மாதமாகியும் தணியவில்லை. சமையலறை மேஜை முழுக்க என் தாள்கள். நித்யா தோசையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே சாப்பிடப் பழகிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், இதே வேலைக்கு, உதவித்தொகையோடு பிஎச்டி இடம் ஒன்றை அறிவித்தார்கள். எனக்கு அது வெறும் ஆசை இல்லை. படிப்பு முடித்தவர்களுக்கு இங்கே தரும் வேலை அனுமதியில் நான்கு மாதம்தான் பாக்கி. விசா குலுக்கலில் இரண்டு முறை பேர் விழவில்லை. அம்மா அம்பத்தூரில் என் அறைக்குப் புது ஃபேன் மாட்டியாயிற்று. திரும்பிப் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றை முடிக்கிறேன் என்று தோன்றிய நேரம் அது.

விண்ணப்பத்தோடு வேலையின் மாதிரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடைசி நாள் திங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு என் மென்பொருள் யாரும் இதுவரை பதிவு செய்யாத வட்டங்களைக் கொண்டுவந்து கொட்டியது. அதில் ஒன்பது, மேட்டுநிலத்தின் ஓரத்தில், ஒரு சரிவில், மணி கோத்ததுபோல. ஒரு கிராமமே! அம்மாவிடம் சொன்னேன். அம்மா குடும்ப வாட்ஸ்அப்பில் சொன்னாள். பெரியப்பா கைகூப்பும் பொம்மை பன்னிரண்டு அனுப்பினார்.

கடைசி நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் காட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஸ்கேலை எடுத்துவந்து திரையின்மேல் வைத்து அளந்தார். ஒன்று, இரண்டு, ஒன்பது வரை.

“கதவு எங்க?”

“அக்கா, படத்துல அவ்வளவு துல்லியம் கிடையாது.”

“மத்த வட்டத்துல எல்லாம் தெரியுதே. அங்க இருக்க துல்லியம் இங்க ஏன் இல்ல?”

“சுவர் சரிஞ்சு அடைச்சிருக்கும்.”

“ஒம்பதுலயுமா?” ஸ்கேலைக் கீழே வைத்தார். “ஒம்பதும் ஒரே அளவுட்டி. ஸ்கேல்ல ஒரு கோடு வித்தியாசம் கூட இல்ல. ஹவுசிங் போர்டா கட்டுனான்?”

நித்யா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில் பயம். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்ற பயம்.

“உங்களுக்கு ஒண்ணு உருப்படியா இருந்தா பிடிக்காதுக்கா. அடுத்தவங்க செஞ்சத உடைக்கத்தான் தெரியும். நீங்களா எதையாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?”

அக்கா ஸ்கேலை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார். சின்க்கில் கிடந்த என் தட்டையும் சேர்த்துக் கழுவினார். “காலைல பேசுவோம்” என்று அறைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை நான் எழுந்தபோது மணி ஒன்பது. லேப்டாப்பின்மேல் மஞ்சள் தாள் ஒன்று. ஆபீசில் பிழை கண்டுபிடித்தால் டெவலப்பருக்கு எழுதிக் கொடுக்கும் அதே பாணியில், அக்காவின் குண்டு குண்டுக் கையெழுத்து.

எதிர்பார்த்தது: வெண்கலக் கால வீடுகள், ஒன்பது.

கிடைத்தது: மாட்டுக்கு வைக்கோல் வைக்கும் இடம், ஒன்பது.

சரிபார்க்க: இணைய வரைபடத்தில் பழைய வருடச் செயற்கைக்கோள் படங்களைத் திறக்கவும். குளிர்கால மாதமாகப் பார்க்கவும். வட்டம் நான்கின் மேல் பெரிதாக்கவும்.

திறந்தேன். வட்டம் நான்கின் நடுவில் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஏதோ. அதைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள், பதினொன்று. இன்னொரு வருடத்துக்கு நகர்த்தினேன். புள்ளிகள் வட்டம் ஏழைச் சுற்றி நின்றன. மாடுகள். வட்டமான இரும்புச் சட்டத்துக்குள் வைக்கோல் கட்டைப் போடுவார்கள். சுற்றி நின்று தலையை உள்ளே விட்டுத் தின்னும். குளம்பு மிதித்து மிதித்துத் தரை வட்டமாகக் குழியும். சேறாகிவிட்டால் சட்டத்தை உருட்டி அடுத்த இடத்தில் போடுவார்கள். ஒன்பது இடம். ஒரே சட்டம். அதனால் ஒரே அளவு. ஏழு மாதம் உழைத்து, பெரியப்பா வரை தெரிவித்து, நான் கண்டுபிடித்த கிராமத்தில் மாடுகள் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தன.

தாளின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அழுதுகொண்டிருந்ததில் அதை அப்போது பார்க்கவில்லை.

அக்கா சலவைக் கூடையோடு உள்ளே வந்தார். “படிச்சியா?”

“ம்.”

“கோவமா?”

“நேத்து நான் சொன்னது…”

“அத விடு. டெவலப்பர்ட்ட திட்டு வாங்காத நாளு எனக்கு ஆபீஸ்ல கெடையாது.” கூடையை இறக்கினார். “கடைசி வரியப் பாத்தியா இல்லியா?”

பார்த்தேன். ‘இருபத்து மூன்று: விடியக்கால சுபுஹு தொழுதுட்டு நாலு மணி நேரம் பாத்தேன். உடைக்க முடியல.’

இருபத்து மூன்று என் பட்டியலில் நானே ஒதுக்கியது. கோணல் வட்டம். ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் மெலிந்து, பார்க்கவே நன்றாக இருக்காது. மென்பொருளும் அதற்குக் குறைந்த மதிப்பெண்தான் போட்டிருந்தது. ‘சந்தேகம்’ என்ற கோப்பில் தள்ளியிருந்தேன். இப்போது மறுபடி திறந்தேன். மேட்டுப்பக்கம் வெட்டியிருந்தது. எல்லா வருடப் படத்திலும் அங்கேயே இருந்தது. தென்கிழக்கில் ஓர் இடைவெளி.

“எல்லா வழிலயும் போட்டுப் பாத்துட்டேன்” என்றார் அக்கா. “ஆட்டுப்பட்டியா, குண்டு விழுந்த குழியான்னு எல்லாம். நிக்கிதுட்டி அது.”

நித்யா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஒம்பது வீடு போயி ஒத்த வீடா? ரியல் எஸ்டேட் இப்படியா விழும்?” என்றவள், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். “பேசாம ஒம்பதையும் அனுப்பிருங்க. யாரு போயி பாக்கப் போறாங்க?”

“அவங்க ஊருட்டி அது. நடந்தே போயி பாத்துருவாவ” என்றார் அக்கா.

நித்யா சொன்னது எனக்கும் தோன்றாமல் இல்லை. ஒன்பதைச் சொல்லாமல் விட்டு, ஒன்றை மட்டும் அனுப்பலாம் என்றும் தோன்றியது. ஒரே வீட்டோடு போனால் யார் மதிப்பார்கள் என்றும் தோன்றியது. அக்காவிடமே கேட்டேன்.

“என்ன பண்ணட்டும்?”

“நான் சொல்ல மாட்டேன். உடைக்கிறது என் வேல. ரிலீஸ் பண்ணுதது உன் வேல.” துணி மடிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு முழுக்க எழுதினேன். முதல் பக்கத்தில் மாடுகள். என் மென்பொருள் எப்படி ஏமாந்தது, பழைய படங்களை வைத்து அதை எப்படிப் பிடிக்கலாம். இரண்டாம் பக்கத்தில் இருபத்து மூன்று. நன்றி என்று ஒரு வரியில் அக்காவின் பேரைப் போட்டிருந்தேன். படித்துப் பார்த்த அக்கா அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

“இத எடுத்துரு. டெஸ்டர் பேரு எதுலயும் வராது. வந்தா எங்களுக்கு ராசி இல்ல.”

எடுத்துவிட்டேன். அதே காரணத்தால்தான் இங்கேயும் பேர் இல்லை.

ஒரு மாதம் கழித்து வீடியோவில் நேர்காணல். அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் மாட்டைப் பற்றியே பேசினோம். எதிரே இருந்த மூவரில் ஒருவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே, தானும் இளவயதில் இப்படி ஒரு வைக்கோல் வட்டத்தை வீடென்று குறித்தவன்தான் என்றார். தவறைத் தானே கொண்டுவந்து முதல் பக்கத்தில் வைத்த விண்ணப்பம் இது ஒன்றுதான் என்றும் சொன்னார். நான் ‘தானே’ இல்லை என்று திருத்தினேன். “என் ரூம்மேட் ஒரு டெஸ்டர்” என்றேன். அவர்கள் சிரித்தார்கள்.

இடம் கிடைத்தது. நான் கிளம்புவதற்குள் அக்காவுக்கும் பிளேனோவிலேயே வேலை அமைந்தது. எனக்கு முந்திய வாரம் அவர் கிளம்பினார். பெட்டியைக் கட்டிவிட்டு, அதைப் படிக்கட்டில் ஒருமுறை உருட்டிவிட்டுப் பார்த்து, பூட்டுத் திறக்கவில்லை என்று திருப்தியானபின்தான் கார் ஏறினார்.

போன மார்ச்சில் இருபத்து மூன்றைத் தேடிப் போனேன். பாதை இல்லாத சரிவில் இரண்டு மணி நேரம். நிற்கவிடாத காற்று. புதர் மூடிக் கிடந்ததால் பத்தடி தள்ளி நின்றால்கூட ஒன்றும் தெரியாது. கண்டுபிடித்ததும் அக்காவுக்குத்தான் வீடியோவில் கூப்பிட்டேன். டெக்சாஸில் காலை எட்டு மணி. சிக்னல் நொண்டியது, படம் உறைந்து உறைந்து வந்தது. சுவரைக் காட்டினேன். உள்வரிசை, வெளிவரிசை. இடைவெளியில் நிமிர்ந்து நின்ற ஒற்றைக் கல்.

“ஒண்ணும் தெளிவா இல்லட்டி. படம் நிக்குது, குரல் மட்டும் வருது. ஒரே இரைச்சல்.”

“காத்துக்கா அது!”

“சரி, உள்ள போயி உக்காரு.”

இடைவெளி வழியே போய், மேட்டுப்பக்கச் சுவரை ஒட்டிக் குந்தினேன். காதில் அறைந்துகொண்டிருந்த காற்று கதவைச் சாத்தியதுபோல் நின்றது.

“இரைச்சல் நின்னுட்டு” என்றார் அக்கா. “வெளிய போயிட்டு வா.”

போனேன். வந்தேன்.

“இன்னொரு தடவ.”

மூன்று முறை. நான்கு முறை. பிஎச்டி மாணவி ஒருத்தி ஆளில்லாத மேட்டில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்க்க இரண்டு ஆடுகள் மட்டும் இருந்தன. ஐந்தாவது முறை உட்கார்ந்தபோது, அக்கா போனை வாயிலிருந்து விலக்கி, வீட்டுக்குள் கணவரைக் கூப்பிடுவது கேட்டது.

“என்னங்க, செத்த இங்க வாங்களேன். ஒரு வீட்டக் கேளுங்க.”